தம்பியின் சிவியைக் கழற்றிப் பூட்டியது

மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு இரவு சித்தியின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பைலை அனுப்பி, கீழே "அக்கா இதை ஒருக்கா பாருங்கோ" என்று மட்டும் எழுதியிருந்தான். வேலைக்கு அனுப்புகிற அவனுடைய சுயவிபரம். பைலின் பெயர் "சிவி நியூ பைனல் 2". பைனல் 1-க்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

அவன் ஏசி திருத்துகிறவன். திருகோணமலையில் அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு வேலைத்தலத்தில் 2019-இல் இருந்து நிற்கிறான். ஒரு வருஷத்துக்குள் ஏழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான், ஒரு இடத்திலிருந்தும் போன் வரவில்லை. இப்போது நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் பராமரிப்புப் பகுதிக்கு ஏசி டெக்னீசியன் தேவை என்று விளம்பரம் போட்டிருந்தது, முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமை இருந்தது. எங்கள் கரையில் சித்திரையில் கடல் அடங்கிச் சீசன் தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் ஓடும், அதற்கு முன்னுக்கு மாசி, பங்குனியில்தான் ஹோட்டல்காரர் ஆள் எடுப்பார்கள். அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

நான் இதில் படித்துப் பட்டம் வாங்கினவள் இல்லை. துறைமுகப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கும் நிர்வாகமும் பார்க்கிறேன், வேலைக்கு ஆள் கேட்டால் வருகிற சிவிக் கட்டு முதலில் என் மேசைக்குத்தான் வரும், நான் பிரித்துக் கொடுத்தால்தான் மனேஜர் பார்ப்பார். எது மேலே வரும், எது அடியில் போகும் என்பது பழக்கத்தில் தெரியும், அவ்வளவுதான்.

சரி, பைலைத் திறந்தேன். நாலு பக்கம்.

முதல் பக்கத்தில் பூக்கொடி போர்டர், நடுவில் வளைத்து எழுதிய தலைப்பு, அதன் கீழே அவனுடைய பெயர். அந்தப் பெயர் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், என் லாப்டொப்பில் பாமினி இல்லை, ஆகவே ஆளின் பெயரே இல்லை. இரண்டாம் பக்கத்தில் முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், நிரந்தர முகவரி, தபால் முகவரி (இரண்டும் ஒன்றுதான்), பிறந்த திகதி, வயது, அடையாள அட்டை இலக்கம், பால், சமயம், இனம், விவாக நிலை, உயரம். உயரம் எதற்கு என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் பக்கம் முழுக்கப் பள்ளிக்கூடச் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, ஒன்பது பாடமும் கோடு போட்ட அட்டவணையில், சுட்டெண்ணோடு. அதன் கீழே "புறக்கிருத்தியச் செயற்பாடுகள்" என்று தலைப்புப் போட்டு, வலைப்பந்து அணி.

போன் எடுத்தேன்.

"தம்பி, நீ எப்ப வலைப்பந்து விளையாடினாய்?"

"நானா?"

"ஓம், நீதான். பள்ளிக்கூட அணியில இருந்திருக்கிறாய்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அது கொமினிகேஷன்ல அடிச்சதக்கா" என்றான்.

கொமினிகேஷன் என்றால் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிற கடை. போட்டோகொப்பி, லெமினேட், ரீலோட், கரண்ட் பில், அதோடு டைப்பிங். அங்கே கம்பியூட்டரில் ஒரு சிவி இருக்கும், யாரோ எப்போதோ அடித்தது, அதற்கு மேலேதான் எல்லாருக்கும் பெயரையும் முகவரியையும் மாற்றிக் கொடுப்பார்கள். முன்னுக்கு வந்த பிள்ளை ஒருத்தி வலைப்பந்து விளையாடியிருக்கிறாள், அழிக்க மறந்துவிட்டார்கள். ஏழு இடத்துக்கும் அது போயிருக்கிறது. நான் சிரிக்க அவனும் சிரித்தான், ஆனால் அவன் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

நாலாம் பக்கத்தில்தான் தொழில் அனுபவம். ஒரு வரி. "2019 முதல் – ஏசி வேலைத்தலம் – டெக்னீசியன்." அதன் கீழே இரண்டு பரிந்துரைப்போர், பிறகு "மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையானவை என உறுதியளிக்கிறேன்" என்று ஒரு புள்ளிக்கோடு. வலைப்பந்துக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வைத்திருக்கிறான்.

நாலு பக்கத்தில் அவன் ஐந்தாறு வருஷம் வெயிலில் கூரைக்கு மேல் ஏறி நின்ற வேலைக்குக் கிடைத்த இடம் ஒரு வரி. உயரத்துக்கும் ஒரு வரி. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கடைக்காரரில் கோபம் இல்லை, அவருக்கு இவன் செய்கிற வேலை என்னவென்று எப்படித் தெரியும், இவன் சொன்னால்தானே.

முதல் நாள், திங்கட்கிழமை பின்னேரம், பாலையூற்றில் சித்தி வீட்டில் இருந்து கழற்றும் வேலை. போர்டர், முதல் பக்கம், உயரம், இனம், சமயம், விவாக நிலை எல்லாம் போனது. பிறந்த திகதியை அழித்துவிட்டு அவன் அடையாள அட்டை இலக்கத்தை அப்படியே விட்டிருந்தான். நான் அவனுடைய புதிய அட்டையை எடுத்துக் காட்டினேன்: 12 இலக்கத்தில் முதல் 4 பிறந்த ஆண்டு, அடுத்த 3 அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தை வைத்துக்கொண்டு திகதியை மறைத்து என்ன பிரயோசனம். அதைவிட, அந்த இலக்கம் போட்ட பைல் இப்போதும் கொமினிகேஷன் கம்பியூட்டரில் டவுன்லோட் போல்டருக்குள் கிடக்கிறது, யாரும் எடுக்கலாம். ஆள் எடுத்த பிறகு கேட்டால் கொடுக்கலாம், அதற்கு முன் வேண்டாம் என்று இரண்டையும் எடுத்துவிட்டோம்.

ஒன்று சொல்ல வேண்டும், இது தனியார் வேலைக்கான கதை. அரசாங்க வேலைக்கு வர்த்தமானியில் மாதிரிப் படிவம் போட்டிருப்பார்கள், அதில் அடையாள அட்டை இலக்கமும் விவாக நிலையும் ஒன்பது பாடமும் கேட்டால் கேட்டபடி நிரப்பத்தான் வேண்டும், அங்கே கெட்டித்தனம் காட்டப் போனால் விண்ணப்பம் நிராகரிப்பு. அதனால் பழைய நாலு பக்கத்தை முழுதாக அழிக்கவில்லை, வலைப்பந்தை மட்டும் எடுத்துவிட்டு "விபரம்" என்ற பெயரில் வேறாக வைத்தோம்.

ஒன்பது பாட அட்டவணை ஒரு வரியாகச் சுருங்கியது. இதில் கொஞ்சம் இழுபறி. ஆங்கிலத்துக்கு அவனுக்கு எஸ், சாதாரணத் தேர்ச்சி. அதைக் காட்டுவதா விடுவதா? நான் சொன்னேன், பாடத்துக்குப் பாடம் போட வேண்டாம், சித்தியடைந்த ஆண்டை மட்டும் போடு, ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பதை மொழி என்ற இடத்தில் உள்ளபடி எழுதுவோம் என்று. அந்த மொழி என்ற இடம் பழைய சிவியில் இருக்கவே இல்லை. திருகோணமலையில் மூன்று மொழியும் காதில் விழாமல் ஒரு நாள் போகாது, இவனுடைய முதலாளி சிங்களவர், ஆறு வருஷமாகச் சிங்களத்தில்தான் ஏச்சு வாங்குகிறான், சரளமாகப் பேசுவான். அது ஒரு தகைமை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஹோட்டலில் அறைப் பொறுப்பாளர் ஒருவர் சிங்களத்தில் போன் எடுத்து 207-இல் தண்ணீர் சொட்டுகிறது என்று சொன்னால் விளங்கிக்கொள்கிற ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். "தமிழ் – தாய்மொழி. சிங்களம் – சரளமாகப் பேசுவேன், வாசிப்பேன், எழுதுவது குறைவு. ஆங்கிலம் – சேவைக் கைநூல் வாசிப்பேன், விருந்தினருக்குப் பதில் சொல்வேன்." ஆங்கிலத்தில் எழுதியதின் தமிழ் இது. கடைசித் துண்டை எழுத முன் அவனிடம் இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பார்த்தேன். திக்கினான், ஆனால் பதில் வந்தது. எழுதினோம்.

அன்றைக்கே படப் பிரச்சினையும் வந்தது. ஸ்டூடியோவில் எடுத்த படம், கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் கம்பியூட்டரில் பூட்டியது, தலை கொஞ்சம் சிறிதாகவும் கோட் கொஞ்சம் பெரிதாகவும். ஹோட்டலில் முன்பக்கம் நிற்கிற வேலை என்றால் படம் கேட்பார்கள், விளம்பரத்தில் கேட்டால் போடலாம். இதில் கேட்கவில்லை. எடுத்துவிடுவோம் என்றேன். அடுப்படியில் இருந்து சித்தி, "காசு குடுத்தெல்லே எடுத்தது" என்றார். படம் இப்போது அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைதான் உண்மையான வேலை. அந்த ஒரு வரியை நிரப்ப வேண்டும். லாப்டொப்பைத் திறந்து வைத்து, "சொல்லு, என்ன வேலை செய்கிறாய்" என்றேன்.

"ஒண்டும் பெருசா இல்லக்கா. ஏசி வேலதான். சேர்விஸ், ரிப்பேர்."

இதையே மூன்று தரம் சொன்னான். விரல் கீபோர்டில் இருந்தால் ஆளுக்கு வாய் கட்டிப்போகிறது, பரீட்சை மண்டபம் மாதிரி. லாப்டொப்பை மூடினேன். போனில் ரெக்கோர்டிங்கைப் போட்டுக் கதிரைக்கு நடுவில் வைத்துவிட்டு, பிளேன்ரீ ஊற்றி, வேறு மாதிரிக் கேட்டேன். போன கிழமை எங்கே எங்கே போனாய்? எத்தனை ஏசி? யார் கூப்பிட்டது? என்ன பழுது? எப்படிக் கண்டுபிடித்தாய்? முதலாளி இல்லாத நாளில் கடையை யார் திறப்பது? நீ செய்ததில் மற்றவன் செய்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நினைக்கிற வேலை எது?

கடைசிக் கேள்விக்கு நிமிர்ந்து இருந்தான்.

காஸ் நிரப்புவதைப் பற்றிச் சொன்னான். குளிர் இல்லை என்று கூப்பிட்டால் பலபேர் போய்க் காஸை நிரப்பிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஏசி என்ன பைக்கா, காஸ் எரிந்து முடிய? குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. முதலில் நைட்ரஜன் அடித்து அமுக்கம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், மூட்டு மூட்டாகச் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஒழுக்கை அடைத்த பிறகு வக்கியூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காஸ், அதுவும் தராசில் நிறுத்து. பழைய மெஷின்களுக்குக் காஸ் ஆர் 22, பிறகு வந்தவை ஆர் 410ஏ, இப்போது வருபவை பெரும்பாலும் ஆர் 32. 410ஏ என்பது ஆர் 32-ஐயும் ஆர் 125-ஐயும் பாதிக்குப் பாதி கலந்தது, ஆகவே அதைத் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும், அமுக்கமும் 22-ஐ விட நல்லாகக் கூட, பழைய கேஜ் போட்டால் சரிவராது. தனி 32 கொஞ்சம் தீப்பற்றும், பக்கத்தில் நின்று வெல்டிங் அடிக்கக் கூடாது. இதெல்லாம் அவன் மூச்சு விடாமல் சொன்னான், ஆறாத தேநீரை ஒரு கையில் வைத்துக்கொண்டு.

"இத ஏன்டா நீ எழுதேல்ல?"

"இது எல்லாருக்கும் தெரியுந்தானக்கா."

எனக்குத் தெரியாது. நான் இத்தனை வருஷமாக ஏசிக் காஸ் முடிந்துபோகும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு தரம் காசும் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது உப்பு. நிலாவெளிக் கரையில் ஒரு விருந்தினர் விடுதி, 14 ஸ்பிளிட் ஏசி, வெளிப்பெட்டிகள் முழுக்கக் கடலைப் பார்த்தபடி. வெளிப்பெட்டிக்குள் செப்புக் குழாயைச் சுற்றி அலுமினியத் தகடு கடதாசி போல மெல்லிசாக அடுக்கடுக்காக இருக்கும், அதுதான் சூட்டை வெளியில் தள்ளுவது. கடற்காற்றில் உப்பும் ஈரமும் பட்டு, செப்பும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் அரிப்பு ஏற்படும், தகடு வெள்ளைப் பொடியாகும். விரலால் தடவினால் மாரி பிஸ்கட் நனைந்தது மாதிரி உதிரும் என்று சொல்லி, தன் போனில் ஒரு படம் காட்டினான். பெட்டியின் முகத்தில் பாதி இடத்தில் தகடே இல்லை, குழாய் எலும்பு மாதிரித் தெரிகிறது. சூடு வெளியேறாவிட்டால் அமுக்கம் ஏறும், கொம்பிரசர் கட் ஆகும், நடுராத்திரி வெள்ளைக்காரர் ரிசெப்ஷனுக்கு வருவார்.

இவன் அங்கே மனேஜரிடம் சொல்லி, இரண்டு கிழமைக்கு ஒரு தரம் நல்ல தண்ணீரால் வெளிப்பெட்டி எல்லாவற்றையும் கழுவுகிற ஒரு அட்டவணை போட்டிருக்கிறான். குழாய்த் தண்ணீர், மெல்லிய வேகம், அமுக்கக் குழாய் இல்லை, அது தகட்டை மடித்துவிடும். கொப்பித் தாளில் திகதி போட்டு மோட்டர் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறான்.

"அதுக்குப் பிறகு ரிப்பேர் எண்பது வீதம் குறைஞ்சிட்டுது எண்டு போடுவமா?" என்று கேட்டான், ஆள் இப்போது சூடேறிவிட்டது.

"எண்பது எங்க இருந்து வந்தது?"

"ஒரு குத்துமதிப்பு."

குத்துமதிப்பு வேண்டாம். புதன்கிழமை வேலை முடிந்து நானே வேலைத்தலத்துக்குப் போனேன். முதலாளி நல்ல மனிதர், தன் ஆளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கப்போகிறது என்று தெரிந்தும் பில் புத்தகங்களை எடுத்துத் தந்தார், "போகத்தானே போறான், ஒழுங்கா போகட்டும்" என்று சிங்களத்தில் சொன்னாராம், தம்பி மொழிபெயர்த்தான். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த கார்பன் கொப்பிகள். ஒரு பேனையோடு உட்கார்ந்து அந்த விடுதியின் பெயர் வருகிற பில்லை எல்லாம் எண்ணினோம். 2023 சீசனில் பழுதுக்குக் கூப்பிட்டது 9 தரம். 2024-இல் 3. அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுக்கச் சொன்னேன்.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் தெரிய வந்தது. 2024 சீசனுக்கு முன்னால் இரண்டு பழைய மெஷினைக் கழற்றிப் புதிது பூட்டியிருக்கிறார்கள். 9 மூன்றானதில் அதற்கும் பங்கு உண்டு. சிவியில் அதை எழுத இடமில்லை, ஆனால் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று தம்பியிடம் சொல்லி வைத்தேன்.

அந்த வரி கடைசியில் இப்படி வந்தது: "நிலாவெளிக் கரையோர விடுதியொன்றில் 14 ஸ்பிளிட் ஏசிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நன்னீர்க் கழுவல் அட்டவணை தொடங்கி நடத்தினேன். பழுது அழைப்புகள் 2023 சீசனில் 9, 2024 சீசனில் 3." இதற்கு மேலே காஸ் வரி: "ஆர் 22, ஆர் 410ஏ, ஆர் 32 – ஒழுக்குச் சோதனை, வக்கியூம், எடை பார்த்து நிரப்புதல்." இன்னொரு வரி, முதலாளி இல்லாத நாட்களில் கடை திறந்து, இரண்டு உதவியாளருக்கு வேலை பிரித்துக் கொடுத்தது. ஐந்து வரி போதும் என்று நிறுத்தினோம். அவனுக்கு இன்னும் எழுத ஆசை. வாஷிங் மெஷின் திருத்தியதையும் போடவா என்று கேட்டான். விளம்பரத்தில் ஏசி என்றுதானே இருக்கிறது.

2022 வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிகிறான். அந்த வருஷம் இலங்கை பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும், பங்குனி, அதாவது மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாத ஊரில் ஏசிக்காரனுக்கு என்ன வேலை. முதலாளி பாதி நாள்தான் வரச் சொன்னார். இவன் மாமாவோடு கடற்கரைக்குப் போய் வள்ளங்களின் வெளி எஞ்சின் திருத்தியிருக்கிறான், மண்ணெண்ணெய்யில் ஓடுபவை, மண்ணெண்ணெய்யும் வரிசையில். அதைச் சொல்ல வெட்கமாம். நான் எழுதினேன்: "2022 – பகுதிநேரமாக, சுயதொழில்: மீன்பிடி வள்ளங்களின் வெளி எஞ்சின் பழுதுபார்த்தல்." ஹோட்டலில் படகு வைத்திருப்பார்கள், புறாத்தீவுக்கு ஆள் ஏற்றுகிற சீசன் வேறு. வெட்கப்பட்ட வரிதான் பிறகு ஒருவேளை உதவும் என்று நினைத்தேன். (உதவவில்லை, யாரும் கேட்கவில்லை. ஆனால் வெறுமை ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை.)

விளம்பரம் தேசிய தொழிற் தகைமை 4-ஆம் மட்டம் கேட்டது, இவனிடம் இருப்பது 3. எல்லாப் பிள்ளைகளும் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். அனுபவம் இருக்கிறவர் திரும்பப் போய் முழுக் கோர்ஸும் இருக்கத் தேவையில்லை, முன்கற்றலை அங்கீகரிப்பது என்று ஒரு வழி இருக்கிறது, ஆர்பிஎல் என்பார்கள், செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்தும் காட்டினால் சான்றிதழ் கிடைக்கும். பில் புத்தகப் படம் அதற்கும் உதவும். வியாழக்கிழமை போய் விண்ணப்பித்து வந்தான். வந்த கையோடு சிவியில் "மட்டம் 4" என்று போடப் பார்த்தான், கையில் தட்டினேன். "மட்டம் 3 சான்றிதழ். மட்டம் 4 மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துள்ளேன்." இரண்டும் உண்மை.

இனி என் பிழை. வெள்ளிக்கிழமை எல்லா வரியும் தயார், வடிவம்தான் மிச்சம். நான் இணையத்தில் இலவசமாக ஒரு டெம்பிளேட் எடுத்தேன், இரண்டு பத்தி, இடப்பக்கம் கடும்நீலப் பட்டை, போனுக்கும் மெயிலுக்கும் குட்டிக் குட்டிப் படம், திறமைக்கு ஐந்து நட்சத்திரத்தில் நாலு. தம்பிக்கு வாய் காது வரை போனது. நாலு நட்சத்திரம் என்றால் என்ன, ஐந்தாவது யாரிடம் இருக்கிறது என்று எனக்கே பதில் இல்லை, ஆனாலும் வடிவாக இருந்தது.

படுக்கப் போக முன் ஒரு சந்தேகத்தில் பிடிஎப்பைத் திறந்து, முழுவதையும் தெரிவு செய்து, கொப்பி பண்ணி நோட்பேட்டில் போட்டேன். பெரிய கொம்பனிகள் சிவியை முதலில் மென்பொருளுக்குள் போட்டு எழுத்தைப் பிரித்தெடுக்கும், அது காணப்போவது கிட்டத்தட்ட இதைத்தான். வந்தது கீரைக்கறி. இடப் பத்தி ஒரு வரி, வலப் பத்தி ஒரு வரி என்று கலந்து "சிங்களம் சரளமாக ஒழுக்குச் சோதனை" என்று கிடக்கிறது. போன் இலக்கத்தைக் காணவே இல்லை, அது நீலப் பட்டையோடு சேர்ந்து படமாகிவிட்டது. கூப்பிட இலக்கம் இல்லாத சிவி! நட்சத்திரங்கள் கட்டம் கட்டமாக.

சனிக்கிழமை திரும்ப முதலில் இருந்து. ஒரே பத்தி, வெள்ளைத் தாள், பெட்டி இல்லை, படம் இல்லை. மேலே பெயர், கீழே போன், மெயில், "பாலையூற்று, திருகோணமலை" என்று மட்டும் இடம். இலக்கங்களைப் பக்கத்தின் தலைப்பகுதிக்குள் போடாமல் உடம்புக்குள்ளேயே போட்டேன், தலைப்பகுதியில் இருந்தால் சில மென்பொருள் விட்டுவிடும். பிறகு அனுபவம், தகைமை, மொழி, பரிந்துரைப்போர். திரும்ப நோட்பேட் சோதனை, இந்தத் தடவை மேலிருந்து கீழே வாசிக்க ஒழுங்காக வந்தது. ஒன்றரைப் பக்கம்.

பாமினியைப் பற்றி இன்னும் ஒன்று. பிடிஎப் ஆக்கினால் எழுத்துரு உள்ளேயே போய்விடும், பார்க்கத் தமிழாகத்தான் தெரியும், பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். கொப்பி பண்ணிப் பார்த்தால் உள்ளே ஆங்கில எழுத்துதான். தமிழில் சிவி கேட்கிற இடத்துக்கு யுனிகோட்டில் அடிக்கத்தான் வேண்டும். கொமினிகேஷனில் அதையும் சொல்லிக் கேட்டால் சிலர் செய்து தருவார்கள், சிலர் முகத்தைப் பார்ப்பார்கள்.

பரிந்துரைப்போர் இருவரில் ஒருவர் அவனுடைய பழைய அதிபர், ஓய்வுபெற்றுப் பிள்ளைகளோடு கனடா போய் நாலு வருஷம், அந்த இலக்கத்துக்கு எடுத்தால் வேறு யாரோ பேசுகிறார்கள். இன்னொருவர் கோயில் தலைவர், நல்லவர், ஆனால் ஏசியைப் பற்றி அவர் என்ன சொல்வார். முதலாளியையும் விடுதி மனேஜரையும் போட்டோம், இருவரிடமும் முதலில் போன் எடுத்துக் கேட்ட பிறகு. மெயில் முகவரி பள்ளிக்கூடக் காலத்தில் திறந்தது, ஒரு நடிகரின் பட்டப்பெயரும் மூன்று பூச்சியமும். பெயரில் புதிதாக ஒன்று திறந்தான். பழைய மெயிலுக்கு யாரும் பதில் போட்டிருக்கிறார்களா என்று நான் பார்க்கச் சொன்னேன், கடவுச்சொல் மறந்துவிட்டதாம். ஏழு விண்ணப்பமும் அந்த முகவரியில்தான் போயிருக்கிறது. இதைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

மெயிலை வெறுமையாக அனுப்பி பைலை மட்டும் கோர்க்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் அதிகம். என் மேசைக்கும் அப்படித்தான் வருகிறது, யார், எதற்கு என்று திறந்துதான் பார்க்க வேண்டும். நாலு வரி எழுதினோம்: எந்த வேலை, எங்கே விளம்பரம் பார்த்தேன், கடற்கரை ஏசிகளில் ஆறு சீசன் அனுபவம், எந்தத் திகதியில் இருந்து வரலாம். ஆறு என்று எழுதிவிட்டு, 2022-ஐக் கழித்து ஐந்து ஆக்கினான், அவனாகவே. பைல் பெயரில் அவன் பெயரும் வேலையின் பெயரும். பைனல் 3 இல்லை.

ஞாயிறு காலை அனுப்பினான். வியாழன் போன் வந்தது, அடுத்த செவ்வாய் நேர்முகம்.

அன்றைக்கு மத்தியானம் சாம்பல்தீவுப் பாலத்துக்கிட்ட நின்று எனக்கு எடுத்தான், காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. இருக்க வைத்துக் கேள்வி கேட்கவே இல்லையாம், தலைமைப் பொறியியலாளர் சிவியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய், வரிசையாக நிற்கிற வெளிப்பெட்டிகளைக் காட்டி, "இதில எது முதல்ல சாகும்?" என்று கேட்டிருக்கிறார். இவன் கடல் பக்க மூலையில் நின்ற இரண்டைக் காட்டியிருக்கிறான். பிறகு அவர் தாளை விரித்து, இந்த 9-உம் 3-உம் எங்கே எடுத்தது என்றாராம்.

"பில் புத்தகப் படத்தக் காட்டினன். ரெண்டு மெஷின் புதுசு எண்டதையும் சொன்னன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லேல்லக்கா. அப்ப மிச்சம் பன்னிரண்டுக்கு எத்தின எண்டு கேட்டார். எண்ணிச் சொன்னன்."

சித்திரை முதலாம் திகதியில் இருந்து ஆறு மாத ஒப்பந்தம், சீசன் முடிய நிரந்தரம் பற்றிப் பார்க்கலாம் என்றார்களாம். மட்டம் 4 மதிப்பீடு ஆனியில் முடிந்தது, சான்றிதழும் வந்துவிட்டது. சிவியில் அந்த வரியும், மேலே புதிய வேலையின் வரியும் இன்னும் மாற்றவில்லை. மூன்று தரம் சொல்லிவிட்டேன். "சீசன் முடியட்டுமக்கா" என்கிறான், பின்னால் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறது.